ஆர்எக்ஸ்-8: முக்கோணமும் பின்கதவும்

மாஸ்டா ஆர்எக்ஸ்-8, ஜப்பானின் ஹிரோஷிமாவைச் சேர்ந்த மாஸ்டா நிறுவனம் 2003 முதல் 2012 வரை தயாரித்த ஸ்போர்ட்ஸ் கார். பிஸ்டன் இல்லாத ரோட்டரி என்ஜினால் சக்கரங்களை ஓட்டிய கடைசி மாஸ்டா கார் இதுவே. 1,90,000-க்கும் மேற்பட்ட கார்கள் தயாரிக்கப்பட்டன. கார் ஆர்வலர்கள் இதைப் பற்றிப் பேசும்போது இரண்டு விஷயங்கள் தவறாமல் வரும். ஒன்று, என்ஜினின் கோளாறுகள். மற்றொன்று, காரின் உடலெங்கும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் ஒரு வடிவம்: பக்கங்கள் வெளிப்புறமாக வளைந்த முக்கோணம். என்ஜினுக்குள் சுழலும் ரோட்டரின் வடிவம் அது.

இவ்விரண்டையும் தனித்தனிச் செய்திகளாகவே பெரும்பாலும் சொல்கிறார்கள். கோளாறு பொறியியல் பக்கத்திலும் முக்கோணம் சுவையான தகவல்கள் பக்கத்திலும் இடம்பெறும். ஆனால் அவை ஒரே கதையின் இரு முகங்கள். அதைக் காண முதலில் முக்கோணம் எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

எங்கெல்லாம் முக்கோணம்

காரின் முன் நின்று பார்த்தால் போனட்டின் நடுவில் மெல்லிய மேடு தெரியும். அது ரோட்டர் முக்கோணம். வெயில் சாய்வாக விழும்போது தெளிவாகவும் உச்சிவெயிலில் மங்கலாகவும் தெரிவதால் பலர் முதல் பார்வையில் அதைக் கவனிப்பதில்லை. கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் இருக்கைகளின் ஹெட்ரெஸ்டில் ஒரு துளை இருக்கிறது. அதுவும் அதே முக்கோணம். கியர் கம்பியின் தலைக்குமிழ் உருண்டையாக இல்லாமல் மும்முனையாக உள்ளங்கையில் பொருந்துகிறது. இம்மூன்றையும் கண்டவர் காரைச் சுற்றிவந்து மேலும் தேடத் தொடங்குவார். தேடினால் கிடைக்கவும் கிடைக்கும். எண்ணி முடித்தவர்களுக்குள் எண்ணிக்கை ஒத்துப்போவதில்லை என்பது வேறு கதை. தேடும் கண்ணுக்கு ஒரு கட்டத்தில் வளைந்த கோடெல்லாம் ரோட்டராகவே படும்.

ரோட்டர் வடிவத்தை அடையாளமாக்குவது ஆர்எக்ஸ்-8-இல் தொடங்கியதல்ல. 1970-களின் மாஸ்டா ரோட்டரி கார்களில் ரோட்டர் வடிவ முத்திரைகள் இருந்தன. ஆனால் முத்திரை என்பது காரின் மேல் ஒட்டப்படுவது. ஆர்எக்ஸ்-8-இல் முத்திரை காரின் தகட்டுக்குள்ளும் இருக்கைக்குள்ளும் இறங்கிவிட்டது. தலைமை வடிவமைப்பாளர் இக்குவோ மயேடா. 1978-இல் வந்த முதல் ஆர்எக்ஸ்-7-ஐ வடிவமைத்த மத்தசபுரோ மயேடாவின் மகன்.

இந்தத் தந்தை மகன் உறவு வெறும் சுவையான தகவல் அல்ல. ரோட்டரி என்ஜினின் முதன்மையான இயல்பு அது சிறியது என்பது. அதே ஆற்றல் தரும் பிஸ்டன் என்ஜினைவிடச் சிறிய இடத்தில் அடங்கும், தாழ்வாக அமரும். தந்தை அதைச் சொன்ன விதம் காரின் மூக்கில் இருந்தது. முன்பகுதி தரையை நோக்கித் தாழ்ந்தது. விளக்குகளை வைக்க உயரம் போதாமல், தேவைப்படும்போது எழும்பும் விளக்குகள் வந்தன. என்ஜினைப் பற்றி எதுவும் தெரியாதவர்கூட, இந்த மூக்குக்குள் வழக்கமான என்ஜின் இருக்க முடியாது என்று ஊகிக்கலாம். மகனின் காரில் என்ஜினின் படமே மூக்கில் வரையப்பட்டிருக்கிறது. முதலாவது விளைவைக் காட்டுகிறது, இரண்டாவது பெயரைச் சொல்கிறது.

மூன்று முனைகள்

படமாக வரையப்பட்ட அந்த வடிவம் உள்ளே என்ன செய்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. ரோட்டரி என்ஜினை ஜெர்மன் பொறியாளர் ஃபெலிக்ஸ் வான்கெல் முன்வைத்தார், என்எஸ்யூ நிறுவனம் உருவாக்கியது. இடுப்பு லேசாக ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற ஓர் அறை. அதனுள் முக்கோண ரோட்டர் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளும் எப்போதும் அறைச்சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அறை மூன்றாகப் பிரிகிறது. ரோட்டர் சுழலச் சுழல ஒவ்வொரு பிரிவும் விரிந்து சுருங்கி, காற்றையும் எரிபொருளையும் இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியே தள்ளுகிறது. மேலும் கீழும் அடித்துக்கொள்ளும் பிஸ்டன் இல்லை, திறந்து மூடும் வால்வுகள் இல்லை. அதனால் அதிர்வு மிகக் குறைவு.

இவை அனைத்தும் ஒரே நிபந்தனையைச் சார்ந்தவை. மூன்று முனைகளும் சுவரோடு காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும். பிஸ்டனைச் சுற்றி வளையம் இருப்பதுபோல இங்கே ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய பட்டை, முனை சீல், பொருத்தப்படுகிறது. அது ஒரு கோட்டில் மட்டுமே சுவரைத் தொடும். வெப்பத்திலும் அழுத்தத்திலும் சுவரை உரசியபடியே ஓடும். ரோட்டரி என்ஜினின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பட்டையின் வரலாறுதான்.

அன்று டோயோ கோக்யோ என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் 1961-இல் என்எஸ்யூவுடன் உரிம ஒப்பந்தம் செய்துகொண்டது. தலைவர் ட்சுனேஜி மட்சுடா. ஹிரோஷிமாவில் சோதனை என்ஜின் ஓடத் தொடங்கியதும், அறைச்சுவரின் உட்புறத்தில் அலையலையாகக் கீறல்கள் விழுந்தன. முனை சீல்கள் வழுக்கிச் செல்லாமல் நடுங்கித் தாவிச் சென்றதால் ஏற்பட்டவை. பொறியாளர்கள் அவற்றைப் பேயின் நகக்கீறல் என்று அழைத்தார்கள். 1963-இல் கெனிச்சி யமமோட்டோ தலைமையில் ரோட்டரி ஆய்வுப் பிரிவு அமைந்தது. அதிலிருந்த 47 பேருக்கு, தலைவனுக்காகப் பழிதீர்த்துப் பின் உயிரை ஈந்த 47 ரோனின் சாமுராய்களின் பெயரே வழங்கியது. பல பொருள்களை முயன்றபின், அலுமினியம் ஊடுருவிய கார்பன் சீல் கீறலை நிறுத்தியது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது.

பேய் அத்துடன் போய்விடவில்லை, பெயரை மாற்றிக்கொண்டது. 1973 எண்ணெய் நெருக்கடியின்போது ரோட்டரியின் எரிபொருள் பசி நிறுவனத்தைத் தள்ளாட வைத்தது. சுமிட்டோமோ வங்கி கைகொடுக்க வேண்டியிருந்தது. எரிபொருள் செலவைக் குறைக்க ஃபீனிக்ஸ் திட்டம் என்ற பெயரில் முயற்சி நடந்து, அதன் பலனாகவே ஆர்எக்ஸ்-7 பிறந்தது. 1991-இல் நான்கு ரோட்டர் என்ஜின் கொண்ட 787பி, லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. அப்பந்தயத்தை வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மாஸ்டா. ஐந்தே ஆண்டுகளில், 1996-இல், நிதிச் சிக்கலால் ஃபோர்டின் பங்கு 33.4 சதவீதமாகி நிர்வாகம் கைமாறியது. 2002-இல் ஆர்எக்ஸ்-7 நின்றது.

ஆர்எக்ஸ்-8-இன் முக்கோணங்களை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். நிறுவனம் தன் பெயரையே இழந்துவிடுமோ என்ற அச்சம் நிலவிய ஆண்டுகளில் வரையப்பட்ட கார் இது. அதில் ரோட்டரைப் போனட்டிலும் இருக்கையிலும் பதிப்பதற்கு ஒரு பிடிவாதம் வேண்டும். வாடகை வீட்டுக் கதவில் குடும்பப் பெயரைச் செதுக்குவது போன்ற செயல். ஆனால் செதுக்கப்பட்ட வடிவத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒரு முரண் தெரியும். முக்கோணத்தை முக்கோணமாக்குவது அதன் மூன்று முனைகள். நாற்பது ஆண்டுகள் பொறியாளர்களைத் தூங்கவிடாத இடமும் அந்த முனைகளே. உண்மையான ரோட்டரில் தேய்ந்தும் கசிந்தும் போகக்கூடிய அந்த விளிம்பு, கியர் குமிழில் விரலுக்கு இதமாக உருட்டப்பட்டிருக்கிறது. ஹெட்ரெஸ்டில் மெத்தையால் மூடப்பட்டிருக்கிறது. சின்னம் வலியை நீக்கிவிட்டு வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

ஆர்எக்ஸ்-8-இன் ரெனெசிஸ் என்ஜின் அந்த முனைகளின் சுமையைக் குறைக்க எடுக்கப்பட்ட முயற்சிகளில் ஒன்று. 654 கன செ.மீ. கொண்ட இரண்டு ரோட்டர் அறைகள். முந்தைய ஆர்எக்ஸ்-7-இல் புகை வெளியேறும் துளை அறையின் வளைந்த சுவரில் இருந்தது, முனை சீல்கள் அதைக் கடந்து செல்ல வேண்டும். ரெனெசிஸில் அத்துளை பக்கச்சுவருக்கு மாற்றப்பட்டது. உள்ளே வரும் காற்றும் வெளியேறும் புகையும் கலப்பது நின்றது. 2003-ஆம் ஆண்டின் சிறந்த சர்வதேச என்ஜின் விருதும் கிடைத்தது. இருந்தும் பட்டைகளுக்கு எண்ணெய்ப் பூச்சு தேவை. அதற்காக என்ஜின் ஓடும்போதே சிறிதளவு எண்ணெயை அறைக்குள் விட்டு எரிக்கிறது. எண்ணெய் குறைவது பழுதல்ல, அதன் இயல்பு. எண்ணெய் அளவை அடிக்கடி பார்க்கும் பழக்கமில்லாதவர்கள் கையில் அந்த இயல்பே பழுதாகியது. பின்னர் அமெரிக்காவில் என்ஜின் உட்பகுதிக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என்று மாஸ்டா நீட்டித்தது. அது ஒரு நேர்மையான ஒப்புதல். போனட்டில் உள்ள மேடு சொல்லாததை உத்தரவாதத் தாள் சொன்னது.

கைப்பிடி இல்லாத கதவு

தேடித் தேடி முக்கோணங்களை எண்ணுபவர்கள் பெரும்பாலும் கடந்துபோகும் இன்னொரு மறைவு இந்தக் காரில் உண்டு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆர்எக்ஸ்-8 இரண்டு கதவுக் கார். உண்மையில் நான்கு கதவுகள். பின்கதவுக்கு வெளிப்புறக் கைப்பிடி இல்லை. முன்கதவைத் திறந்த பிறகே, பின்கதவின் விளிம்பில் ஒளிந்திருக்கும் பிடி கைக்கு எட்டும். பின்கதவின் கீல் பின்பக்கத்தில் இருக்கிறது. இரண்டையும் திறந்தால் அலமாரிக் கதவுகள்போல எதிரெதிராக விரியும். நடுவில் தூண் கிடையாது. தூண் செய்ய வேண்டிய வேலையைப் பின்கதவுக்குள் செங்குத்தாகப் பதிக்கப்பட்ட வலுவூட்டல் செய்கிறது.

தூணைத் துறந்ததற்கு ஈடாகக் காரின் நடுவே முன்னிருந்து பின்வரை உயரமான முதுகெலும்பு ஒன்று ஓடுகிறது. பின்னிருக்கைகளை இரண்டாகப் பிரிப்பதும் அதுவே. அதனால் மூன்றாமவருக்கு இடமில்லை. ஆனால் இரண்டு பெரியவர்கள் உண்மையாகவே அமரலாம். மற்ற பல ஸ்போர்ட்ஸ் கார்களின் பின்னிருக்கை பை வைப்பதற்குத்தான் பயன்படும் என்பதை நினைத்தால் இது சாதாரண விஷயமல்ல. சக்கர இடைத்தூரம் 2700 மி.மீ., முந்தைய ஆர்எக்ஸ்-7-ஐவிடக் கால் மீட்டருக்கும் அதிகம். அவ்வளவு இடம் எங்கிருந்து வந்தது? என்ஜின் சிறியது. அதை முன்சக்கர அச்சுக்குப் பின்னால், தாழ்வாக, ஓட்டுநரை நோக்கித் தள்ளிவைக்க முடிந்தது. எடை முன்னும் பின்னும் பாதிக்குப் பாதி விழுந்தது. நான்கு பேர் அமர்ந்தும் காரின் சமநிலை கெடவில்லை. பெரிய என்ஜின் இருந்திருந்தால் பின்னிருக்கையோ சமநிலையோ ஒன்று பலியாகியிருக்கும்.

ஆக, ரோட்டரி என்ஜினின் உண்மையான குறியீடு அந்தப் பின்கதவுதான். அதில் முக்கோணம் இல்லை. அது யாருக்கும் எதையும் அறிவிப்பதில்லை. ஆனால் அந்த என்ஜின் இல்லாவிட்டால் இந்த வடிவில் அந்தக் கதவும் இருந்திருக்காது.

தொல்காப்பியம் உவமத்தை உள்ளுறை உவமம், ஏனை உவமம் என இரண்டாகப் பிரிக்கிறது. ஏனை உவமத்தில் இது இதைப் போன்றது என்பது வெளிப்படையாக இருக்கும். உள்ளுறையில் ஒப்புமை சொல்லப்படுவதில்லை. நிலத்துக்குரிய கருப்பொருள்கள் தம் இயல்பில் இருந்தபடியே இன்னொன்றைக் குறிப்பால் உணர்த்தும். பாட்டில் எருமை வயலில் மேய்ந்தால் அது முதலில் மேய்கிற எருமை, பிறகே வேறு எதுவும். ஆர்எக்ஸ்-8-இன் பின்கதவு அப்படிப்பட்டது. முதலில் அது கதவு. போனட்டின் முக்கோணமோ முக்கோணமாக இருப்பதைத் தவிர வேறு வேலை இல்லாதது. இரண்டு உவமங்களும் இலக்கணத்தில் உரிய இடம் பெற்றவையே, ஏனை உவமம் தாழ்ந்தது என்பதற்கில்லை. ஆனால் இந்தக் காரைப் பற்றிய பேச்சு முழுவதும் ஒன்றையே சுற்றிவருவதால் மற்றது படிக்கப்படாமலே போய்விட்டது.

கதவிலும் குறை உண்டு. பின்னால் அமர்ந்தவர் தாமாக இறங்க முடியாது, முன்னால் இருப்பவர் கதவைத் திறந்து வழிவிட வேண்டும். நெருக்கமான வாகன நிறுத்தத்தில் எதிரெதிராக விரியும் இரண்டு கதவுகளுக்கு இடையே ஒருவர் மாட்டிக்கொள்வார். நான்கு கதவுக் காரை இரண்டு கதவுக் காராக வேடமிட வைத்ததற்குத் தரும் விலை இது. கைப்பிடியை வெளியே காட்டியிருந்தாலும் கார் குறைந்துபோயிருக்காது.

முக்கோணங்களுக்குள்ளும் ஒன்றுக்கு விலக்குத் தரலாம். முன்னிருக்கை ஹெட்ரெஸ்டில் உள்ள துளை, பின்னால் அமர்ந்தவரின் கண்ணுக்கு நேரே வருகிறது. இறுக்கமான அந்தப் பின்பகுதியில் அந்தச் சிறு திறப்பு வழியாகச் சாலை கொஞ்சம் தெரியும். ரோட்டரியால் கிடைத்த இருக்கையில் அமர்ந்து ரோட்டரின் வடிவம் வழியாக முன்னே பார்ப்பது. வடிவமைப்பாளர் இதை எண்ணிச் செய்தாரோ இல்லையோ, அலங்காரமும் பயனும் இந்தக் காரில் சந்திக்கும் இடம் அது.

வட்டமானி

ஓட்டுநருக்கு எதிரே நடுவில் பெரிதாக இருப்பது வேகமானி அல்ல, என்ஜினின் சுழற்சியைக் காட்டும் டேக்கோமீட்டர். வேகம் அதனுள் சிறு எண்களாகத் தெரியும். மேனுவல் கியர் கொண்ட உயர்திறன் வகையில் சிவப்புக்கோடு 9000 சுற்றில் தொடங்குகிறது. எல்லையை நெருங்கும்போது ஓர் எச்சரிக்கை ஒலியும் எழும். இந்த ஒலி கேலிக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் அதன் காரணம் ரோட்டரியின் இயல்பிலேயே இருக்கிறது. பிஸ்டன் என்ஜின் எல்லைக்கு அருகே நடுங்கி, இரைந்து, போதும் என்று சொல்லிவிடும். ரோட்டரி அப்படிச் சொல்வதில்லை, மிருதுவாக ஏறிக்கொண்டே போகும். உடலுக்கு உணர்த்தாததைக் காதுக்கு உணர்த்த வேண்டியிருக்கிறது. இன்னொரு செய்தி: மானி காட்டும் 9000, என்ஜின் தண்டின் சுற்று. தண்டு மூன்று முறை சுழல ரோட்டர் ஒரு முறைதான் சுழலும். முள் உச்சியில் துடிக்கும்போதும் உள்ளே முக்கோணம் 3000 சுற்றிலேயே இருக்கிறது. இந்த நிதானத்தைக் காட்டும் சின்னம் காரில் எங்கும் இல்லை.

பிறகு

மாசு விதிகள் இறுகியதால் ஐரோப்பாவில் ஆர்எக்ஸ்-8 விற்பனை 2010-இல் நின்றது. ஜப்பானில் 2012 ஜூனில் தயாரிப்பு முடிந்தது. இக்குவோ மயேடா அதற்கு முன்பே, 2009-இல், மாஸ்டாவின் வடிவமைப்புத் தலைமைக்கு வந்திருந்தார். அதன்பின் வந்த மாஸ்டா கார்களில் ஒட்டுச் சின்னங்கள் குறைந்து, தகட்டின் மேல் ஒளி நகரும் விதமே முதன்மையாயிற்று.

2020-இல் வந்த எம்எக்ஸ்-30 என்ற மின்காரில் எதிரெதிராக விரியும் அதே கதவுகள் திரும்பி வந்தன. ஆனால் அவற்றை வேண்டிய காரணம் திரும்பவில்லை. அங்கே பின்னிருக்கை நெருக்கமானது, கதவு பழைய நினைவாகவே நிற்கிறது. ஆர்எக்ஸ்-8-இல் உள்ளுறையாக இருந்தது எம்எக்ஸ்-30-இல் முக்கோணத்தின் நிலைக்கு வந்துவிட்டது. அதே காரில் இருக்கைகளுக்கு இடையிலான தட்டிலும் கதவுப் பிடியிலும் தக்கைப் பட்டை பதிக்கப்பட்டிருக்கிறது. நிறுவனம் 1920-இல் டோயோ கார்க் கோக்யோ என்ற பெயரில் தக்கை செய்யத் தொடங்கியதன் நினைவு. கை வைக்கும் இடத்தில் மென்மையான, வெதுவெதுப்பான ஒரு பொருளாக இருப்பதால் அது அறிவிப்பாகத் தெரிவதில்லை.

2023-இல் எம்எக்ஸ்-30-க்குள் ரோட்டரியும் வந்தது, சக்கரத்தை ஓட்டுவதற்காக அல்ல, மின்சாரம் உண்டாக்க. ஒரே ரோட்டர், 830 கன செ.மீ. காரின் பக்கவாட்டில் ரோட்டர் வடிவச் சின்னமும் உண்டு. உள்ளே, தேய்மானத்தைக் குறைப்பதற்காக, முனை சீலின் தடிமன் ரெனெசிஸில் இருந்த 2 மி.மீ.-இலிருந்து 2.5 மி.மீ. ஆக்கப்பட்டிருக்கிறது.